இளைத்துப் பெற்ற பிள்ளை

டவுன்பஸ் கண்டக்டர் குருவையா தன் உடம்பிலிருந்து ஒரு பெண்பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துப் பெற்றபோது, அது எப்படி நடக்கும் என்று கோட்டையூரணியில் ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைபெற்ற மருந்தை யாருக்குக் கொடுப்பது, அவருக்கா அவர் சம்சாரத்துக்கா என்பதில்தான் தெருவுக்குள் சண்டை வந்தது. அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான். வானத்திலிருந்து ஒருவன் விழுந்தால்கூட எப்படி விழுந்தான் என்று கேட்கமாட்டார்கள், சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்பார்கள், அவன் இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவன் பாடு திண்டாட்டம்.

குருவையா அந்த வட்டாரத்திலேயே பெருத்த கண்டக்டர். பஸ்ஸின் முன்பக்கமிருந்து பின்பக்கம் அவர் டிக்கெட் போட்டுக்கொண்டு வரும்போது நிற்கிறவர்கள் எல்லாரும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும், கூடைக்காரப் பெண்கள் கூடையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொள்ள வேண்டும், அவர் கடந்துபோன பிறகு எல்லாரும் ஒன்றாக மூச்சு விடுவதில் ஜன்னல் கண்ணாடியில் ஆவி படியும். ஆனாலும் யாரும் அவரை வைததில்லை, ஏனென்றால் அவர் எல்லாரிடமும் சிரித்த முகமாக இருந்தார், சில்லறை இல்லாதவர்களை இறக்கிவிட்டதில்லை. அவரைப் பெருக்க வைத்தவள் அவர் சம்சாரம் சீனியம்மாள். கல்யாணம் ஆகிப் பல வருஷமாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை, கும்பிட வேண்டிய கோயிலை எல்லாம் கும்பிட்டு அலுத்து உட்கார்ந்த பிறகு, ஒரு பிள்ளைக்கு வைத்திருந்த ஆசையை எல்லாம் அவள் சோற்றுக் கரண்டியில் ஏற்றிவிட்டாள். அவர் திருப்தியாக ஏப்பம் விட்டால்தான் அவளுக்கு அன்றைக்குப் பொழுது போனதாக அர்த்தம்.

முழங்கால் இரண்டும் பஸ் படிக்கட்டில் ஏற மறுத்த ஒரு நாளில் அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். அங்கே இருந்த டாக்டர் ஜெபராணி மெலிந்த பெண், குரல் மட்டும் பெருத்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, எடை மெஷினில் ஏற்றிவிட்டு, அவரை விட்டுவிட்டு சீனியம்மாளைப் பார்த்துத்தான் பேசினாள்.

"பட்டினி போடக் கூடாது. அது வேற, இது வேற. இப்ப சாப்பிடுறதுல கால்வாசியக் குறைங்க, அது போதும். சோத்தக் குறைச்சு காயைக் கூட்டுங்க. மெதுவா மென்னு தின்னட்டும், ரெண்டாந்தரம் வைக்காதீங்க. மாசத்துக்கு அரைக்கிலோ குறைஞ்சாலே எனக்கு சந்தோஷம்."

"அரைக்கிலோவா? இவுக உடம்புக்கு அது எந்த மூலைக்கும்மா?" என்றாள் சீனியம்மாள்.

"அவசரப்பட்டு இறக்குனா உடம்பு அத மறக்காதும்மா. திரும்பி வாங்கிக்கிடும்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் உலை சின்னதாயிற்று. ஆறு இட்லி நாலாயிற்று, சோற்றில் குழி பறித்து ஊற்றிய நல்லெண்ணெய் கறிக்குத் தாளிக்கிற அளவில் நின்றது, அவரைக்காயும் பீர்க்கங்காயும் கீரையும் தட்டில் சோற்றைத் தள்ளிக்கொண்டு இடம் பிடித்தன, மோர் தண்ணீராயிற்று, காராச்சேவு டப்பா பக்கத்து வீட்டு அலமாரிக்குக் குடிபோயிற்று. கரண்டியைப் பாதியில் நிறுத்துவதற்கு சீனியம்மாள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அடுப்படியில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். குருவையாவோ ஒவ்வொரு வாயையும் பஸ்ஸில் கிழவியை ஏற்றிவிடுகிற பொறுமையோடு மென்று விழுங்கினார்.

அவர் உடம்பில் மூன்று கிலோ குறைந்திருந்த ஒரு புரட்டாசிக் காலையில், ஒருக்களித்துப் படுக்கும்போது அவருடைய தொப்பை சரிந்து கிடக்கும் பாயின் அந்த இடத்தில், ஒரு பெண்குழந்தை கையை வாயில் வைத்துக்கொண்டு படுத்திருந்தது. அவர் நிறம், அவர் மூக்கு. தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த சீனியம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள், பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள், வெந்நீர் போட அடுப்படிக்குப் போனாள். வெந்நீர் காய்வதற்குள் தெருவே வாசலில் நின்றது.

சண்டையை ஆரம்பித்தது பக்கத்து வீட்டுக் கிட்டணம்மாள். சுக்கும் மிளகும் கருப்பட்டியும் போட்டு இடித்த மருந்தை உருண்டை பிடித்து அவள் எடுத்து வந்திருந்தாள், ஆனால் யார் வாயில் போடுவது என்று தெரியாமல் உருட்டிக்கொண்டே நின்றாள். பிள்ளை வளர்க்கப்போவது சீனியம்மாள்தானே, அவளுக்குக் கொடுங்கள் என்று நாலுபேர் சொன்னார்கள்.

"பெத்தவுகளுக்குத்தானய்யா மருந்து. பெத்தது யாரு? வயிறு இறங்குனது யாருக்கு?" என்றாள் கிட்டணம்மாள். "அண்ணாச்சி, வாயைத் திறங்க."

குருவையா காலை நீட்டி உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர, மருந்தை விழுங்கினார். கோயில் பூசாரி தீட்டு இருவருக்கும் பாதிப் பாதி என்று பிரித்துக் கொடுத்தார். டெப்போவில் பேறுகால லீவு கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதை மேலதிகாரி மஞ்சள்காமாலை லீவாக மாற்றிக் கொடுத்தார், அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைக்கு ஊர் அம்மன் பேரையே சேர்த்து மாரீஸ்வரி என்று பேர் வைத்தார்கள்.

பிள்ளை வளர்ந்த விதமும் சீக்கிரமே ஊருக்குப் பழகிவிட்டது. அவர் எவ்வளவு குறைகிறாரோ அவ்வளவு அவள் கூடினாள். பால் குடித்தாள், பருப்புச் சாதம் கொஞ்சம் கொறித்தாள், ஆனால் அதெல்லாம் வாய் ருசிக்குத்தான். கல்யாணப் பந்தியில் குருவையா இரண்டாவது லட்டை ஒதுக்கிவைத்த அன்றைக்குத்தான் அவள் கன்னம் ஒரு பிடி கூடும். மாதக் கடைசியில் ரேஷன் கடைத் தராசில் அப்பனையும் மகளையும் சேர்த்து ஏற்றுவார்கள், முள் அவருடைய பழைய எடையில் போய் அசையாமல் நிற்கும், சுற்றி நிற்பவர்கள் ஏதோ தாங்களே சாதித்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு கலைவார்கள். ஊரில் தொப்பை வைத்திருந்த ஆண்களைப் பார்க்கிற பார்வையே மாறிப்போயிற்று. ஐந்தும் பெண்ணாகப் பெற்றிருந்த கருப்பட்டி மண்டிக்காரர் ஒரு பையனை இளைத்துப் பெற்றுவிடலாம் என்று வாயைக் கட்டிப் பார்த்தார், அவருக்கு வேட்டிதான் இடுப்பில் நிற்காமல் போனது, பையன் வரவில்லை. ஏன் குருவையாவுக்கு மட்டும் என்று கேட்டதற்கு, கொடுப்பினை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

மாரீஸ்வரி நடக்கப் பழகியது பஸ்ஸுக்குள். இப்போது குருவையா ஒருக்களிக்காமலே இரண்டு சீட் வரிசைக்கு நடுவில் நடந்தார், அவர் விட்ட இடைவெளியில் பின்னாலேயே அவள் தத்தித் தத்தி வந்தாள். அவள் முதலில் பேசிய பேச்சு 'ரைட்'. அவள் ரைட் என்று சொன்னால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார், கூடைக்காரப் பெண்கள் ஆளுக்கொரு பூ வைத்ததில் ராத்திரி வீடு திரும்பும்போது பிள்ளை தெரியாது, பூதான் தெரியும். சீனியம்மாளுக்கு அந்த நாட்களில் நின்றால் சிரிப்பு, உட்கார்ந்தால் சிரிப்பு. சாப்பாட்டுத் தட்டில் பாதிக் கரண்டியோடு நிறுத்தும்போது இப்போது அவளுக்குக் கண் கலங்கவில்லை, பிள்ளைக்கு ஒரு பிடி ஊட்டிவிட்டதாகவே நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அவள் மனதில் ஒரு பயம் இருந்தது. ஒரு நாள் அதை டாக்டர் ஜெபராணியிடம் கேட்டாள்.

"இவுக உடம்பு ஒரு அளவுக்கு வந்து நின்னுருச்சுன்னா, எம்புள்ளயும் அதோட நின்னுருமாம்மா?"

டாக்டர் பிள்ளையின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். "அதெல்லாம் நிக்காது. பள்ளிக்கூடத்துல சேத்துவிடுங்க. மத்த பிள்ளைகளோட ஒண்ணா உக்காந்து சத்துணவு தின்ன ஆரம்பிச்சா, அந்தச் சாப்பாடு இவ உடம்புல ஒட்ட ஆரம்பிச்சிரும். அப்புறம் இவ வளத்தி இவ பாடு. அப்பா தயவு வேண்டாம்." பிறகு எழுந்து கையைக் கழுவிக்கொண்டே, "அதுக்கும் காலம் வரணும். எப்ப வருதோ அப்பச் சேத்துவிடுங்க," என்றாள்.

சீனியம்மாள் காதில் முதலில் சொன்னது விழுந்தது, கடைசியில் சொன்னது விழவில்லை. பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் என்று அவள் வாய் அன்றிலிருந்து அரற்றிக்கொண்டே இருந்தது.

ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் தனுஷ்கோடி நல்ல மனுஷர், ஆனால் பிறந்த தேதிக்குச் சான்றிதழ் இல்லாத பிள்ளையை எந்த வயதில் சேர்ப்பது என்று அவருக்குப் புரியவில்லை. கிராம நிர்வாக அலுவலரோ, பிறந்த நாள் என்று முதல் கிலோ குறைந்த நாளை எழுதுவதா மூன்றாவது கிலோ குறைந்த நாளை எழுதுவதா என்று கேட்டுவிட்டுப் பேனாவை மூடிவிட்டார். கடைசியில் தலைமையாசிரியர், சான்றிதழ் என்ற ஒன்று வருவதற்கு முந்தின காலத்து வழிக்கே போனார். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, தொடாவிட்டால் வீட்டுப் பிள்ளை. மாரீஸ்வரி கையை வளைத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு எட்டினாள். விரல் நுனிக்கும் காதுக்கும் நடுவில் ஒரு நகத்தளவு இடம் இருந்தது.

"அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம் தாயீ. இப்ப என்ன அவசரம்?" என்றார் தலைமையாசிரியர்.

சீனியம்மாள் நகரவில்லை. கிட்டணம்மாளின் கடைசி மகள் எட்டித் தொட்டுவிட்டு மிட்டாய் சப்பிக்கொண்டு நின்றாள். சீனியம்மாள் முகத்தைப் பார்க்க முடியாமல்தானோ என்னவோ, அவர் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னார். "பள்ளிக்கூடம் திறக்க ரெண்டு வாரம் கெடக்கு. அதுக்குள்ள எட்டிருச்சுன்னா கூட்டிட்டு வாங்க, சேத்துக்கிடுதேன்."

அந்த வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்று மத்தியானம் சீனியம்மாள் சோறு வைக்காமல் குருவையா எதிரில் வெறும் தட்டோடு உட்கார்ந்தாள்.

"ஏங்க, ரெண்டே வாரம். பச்சத்தண்ணி, ஒருவேளை கஞ்சி. ஒரு நகத்தளவுதாங்க வேணும்."

"டாக்டரம்மா பட்டினி கூடாதுன்னாகளே."

"அவுக சொன்னது நோயாளிக்கு. நீங்க என்ன நோயாளியா? புள்ளைக்காரரு."

குருவையா மகளைப் பார்த்தார். அவள் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று கையைத் தலைக்கு மேல் வளைத்து வளைத்து எட்டிக்கொண்டிருந்தாள். அவர் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

அந்த இரண்டு வாரமும் ஊரே சேர்ந்து அவரைப் பட்டினி போட்டது. டீக்கடைக்காரர் அவரைக் கண்டதும் பாய்லரை மறைத்துக்கொண்டு நின்றார், புரோட்டாக் கடையில் கல்லைத் தட்டுகிற சத்தத்தை அவர் பஸ் கடக்கும்வரை நிறுத்தினார்கள், பஸ்ஸில் முறுக்குத் தின்றவர்கள் முந்தானைக்குள் வைத்துத் தின்றார்கள், கூடைக்காரப் பெண்கள் ஆளுக்கொரு வாய் தண்ணீர் கொடுத்து, இன்னும் கொஞ்சந்தான் அண்ணாச்சி என்று தேற்றினார்கள். அத்தனை பேருக்கும் அவர்மேல் பிரியம், அத்தனை பேருக்கும் அந்தப் பிள்ளைமேல் பிரியம். அவர் கண் உள்ளே போயிற்று, விசில் ஊத மூச்சு இல்லாமல் போயிற்று. மாரீஸ்வரி காலையில் போட்ட கவுன் சாயங்காலம் பிடிக்கிற வேகத்தில் வளர்ந்தாள். பள்ளிக்கூடம் திறந்த அன்று அவள் கையை வளைத்தபோது விரல் காதையும் தாண்டிக் கன்னத்தில் போய்த் தொட்டது, தலைமையாசிரியர் கைதட்டினார், வெளியே நின்ற கூட்டமும் தட்டியது.

ஆனால் அந்த மாதம் ரேஷன் கடைத் தராசில் கணக்கு ஒத்துவரவில்லை. அப்பனும் மகளும் சேர்ந்து ஏறியும் முள் பழைய இடத்துக்கு எட்டாமல் நின்றது. அவசரத்தில் குறைந்ததில் பாதி எங்கேயும் போய்ச் சேரவில்லை என்று தராசு சொன்னது, தராசுக்குத் துரு என்று ஊர் சொன்னது. மாரீஸ்வரி உயர்ந்திருந்தாளே தவிரத் தூக்கினால் கையில் கனம் தெரியவில்லை. அதைவிட, இத்தனை நாள் பசி என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்த பிள்ளை, இப்போது கண் விழித்ததிலிருந்து "பசிக்குதும்மா, பசிக்குதும்மா" என்றது. சோற்றைப் பிசைந்து கொடுத்தால் வாயில் வைத்துக்கொண்டே இருந்தது, விழுங்கத் தெரியவில்லை. சத்துணவுத் தட்டில் முட்டையை வெறித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளைக்குத் தள்ளிவிட்டது. அவருடைய இரண்டு வாரப் பசியும் அவளிடம்தான் போயிருந்தது. சீனியம்மாள் அதைப் புரிந்துகொண்டபோது ஆவணி பிறந்துவிட்டது.

அவர் பங்குக்கு ஒரு பசி அவருக்குள்ளும் மிச்சமிருந்தது, அது ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் உளுந்தவடை வாசனையில் கரையை உடைத்துக்கொண்டு வந்தது. ஒரு வடைதான் என்று எடுத்தார். கடைக்காரருக்கு அவர் காய்ந்து கிடந்தது தெரியும், பாவம் என்று இன்னொன்றை அவரே எடுத்து வைத்தார். மறுநாள் இரண்டு கடை, அதற்கு மறுநாள் ஸ்டாண்டு முழுக்க. பட்டினிபோட்ட அதே ஊர் இப்போது பிரியத்தோடு ஊட்டிவிட்டது. பிள்ளையை எட்ட வைத்தாயிற்று, இனி என்ன, நல்லாச் சாப்பிடுங்க அண்ணாச்சி என்றது. அவர் அழுதுகொண்டே தின்றார். வாய் அவர் பேச்சைக் கேட்கவில்லை, உடம்பு கொடுத்ததைத் திரும்பி வாங்கிக்கொண்டிருந்தது.

மாரீஸ்வரியின் நீலப் பாவாடை முதலில் இடுப்பில் தொளதொளத்தது, பிறகு கணுக்காலில் புரண்டது. விரல் காதை விட்டு விலகிவந்தது. எழுதப் பழகிய எழுத்துகளைக் கடைசியில் கற்றதிலிருந்து ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வந்து 'அ'வில் நின்றாள், அப்புறம் அதையும் விட்டாள். தலைமையாசிரியர் கண்ணைத் திருப்பிக்கொண்டு அவளை முதல் பெஞ்சிலேயே உட்கார வைத்திருந்தார், பெஞ்சிலிருந்து அவள் கீழே விழ ஆரம்பித்த பிறகுதான் அங்கன்வாடியில் கொண்டுபோய் விட்டார்கள். சீனியம்மாள் பெரிய கவுன்களைப் பிரித்துச் சின்னதாகத் தைத்தாள், அவள் தைத்து முடிப்பதற்குள் அதுவும் பெரிதாகிவிடும்.

குருவையா வாயைக் கட்ட என்னவெல்லாமோ செய்தார். நாலு நாள் வீட்டுக்குள் தாழ்போட்டுக்கொண்டு தண்ணீரும் குடிக்காமல் கிடந்தார், பிள்ளைக்கு ஒரு சுற்று கூடியது. ஐந்தாம் நாள் தாழைத் திறந்துகொண்டு போய்த் தின்றதில் இரண்டு சுற்று குறைந்தது. டாக்டர் ஜெபராணியிடம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அவளுடைய பெரிய குரல் அன்றைக்கு எழும்பவில்லை.

"மறுபடியும் கால்வாசியிலருந்து ஆரம்பிங்க. பட்டினி வேண்டாம். மெதுவா."

"மெதுவான்னா எவ்வளவு நாளாகும்மா?" என்றார் குருவையா.

டாக்டர் அவர் தோளில் கிடந்த பிள்ளையை வாங்கி எடை மெஷினில் கிடத்தினாள்.

மாரீஸ்வரி கடைசியாக மறந்தது 'ரைட்'. தை மாதத்தில் அவள் மூன்று கிலோவில் வந்து நின்றாள், கையை வாயில் வைத்துக்கொண்டு அப்பன் வயிற்றோடு ஒட்டிப் படுத்தாள். மறுநாள் காலையில் பாயில் குருவையாவின் தொப்பை மட்டும் சரிந்து கிடந்தது. அவர் முன்பு இருந்ததைவிடப் பெருத்திருந்தார்.

தெரு வாசலில் கூடியது. எத்தனை நாள் துக்கம் காப்பது என்று பேச்சு வந்தது. எடுத்து அடக்கம் செய்ய ஒன்றும் இல்லை. கிட்டணம்மாள்தான் முடித்துவைத்தாள். "புள்ளை எங்கயும் போகலையே, வந்த எடத்துக்குத்தான போயிருக்கா. இதுக்கு எதுக்குத் துக்கம்?" எல்லாரும் சரி என்று கலைந்து போனார்கள். கிட்டணம்மாள் மட்டும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தலைமையாசிரியர் அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையையும் காதைத் தொடச் சொல்லவில்லை. ஒரு வருஷம் பொறுத்திருந்தால் அந்த நகத்தளவு தானாக வந்திருக்கும் என்பது கோட்டையூரணியில் எல்லாருக்கும் தெரியும், ஆகையால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வழியும் எல்லாருக்கும் தெரியும். ஒருமுறை வந்தவள் மறுமுறை வரமாட்டாளா? கால்வாசியைக் குறைத்து, மெதுவாக மென்று, மாதத்துக்கு அரைக்கிலோவாக இறங்கினால் ஒருநாள் அந்தப் பாயில் அவள் கிடக்கலாம். அதற்காகவே குருவையா மாசி பிறந்ததும் தட்டின் முன் உட்கார்ந்தார். சீனியம்மாள் அளந்து வைத்தாள்: ஒரு கரண்டி சோறு, இரண்டு கரண்டி பீர்க்கங்காய்க் கூட்டு, கீரை. அவர் ஒவ்வொரு வாயாக மென்று தின்று முடித்தார். அவள் கரண்டியைச் சட்டியில் வைக்காமல் அப்படியே நின்றாள். அவர் உடம்புக்குள் இருட்டில் ஒரு பிள்ளை வாயில் கையை வைத்துக்கொண்டு பசிக்குதும்மா என்று சொல்வது அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் சோற்றை அள்ளினாள்.

குருவையா தட்டின் குறுக்கே கையை நீட்டினார். "போதும் சீனி. எனக்குப் போதும்."

"உங்களுக்குப் போதும்," என்றாள் சீனியம்மாள். "அவளுக்கு?"

குருவையா நீட்டிய கையை எடுத்துக்கொண்டார்.